எங்கள் படகின் பின்பலகையை மீட்டுத் தந்தவர்களுக்கு நன்றி

ஆறுகாட்டுத்துறை உறவுகளுக்கும், வேதாரண்யத்திலிருந்து வந்து உதவியவர்களுக்கும் வணக்கம்.

சுனாமிக்குப் பின், 2005-ஆம் ஆண்டில் நிவாரணமாக எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த ஃபைபர் படகு, சென்ற வாரம் மறுபடியும் கடலுக்குப் போய் நல்லபடியாகக் கரை திரும்பியது. எஞ்சின் மாட்டும் பின்பலகை உள்ளுக்குள்ளேயே மக்கிக் கிடந்த அந்தப் படகை, விறகுக்கும் ஆகாது என்று நான் கைவிட இருந்த நேரத்தில் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு எல்லோரும் அறிய நன்றி சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

எஞ்சினை முடுக்கும்போதெல்லாம் பின்பலகை அசைகிறது என்று முதலில் கண்டு சொன்னவர், எங்கள் படகில் பங்குக்கு வரும் தம்பி. நான் போல்ட்டை இறுக்கினேன். இறுக்க இறுக்க வாஷர் உள்ளே புதைந்ததே தவிர, ஆட்டம் நிற்கவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் படகைப் புரட்டிப்போட்ட பிறகு, ஒரு பட்டறையில் வெளிப்புறமாக இரண்டு அடுக்கு மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பூச்சு பார்வைக்கு உறுதியாக இருந்ததால், அதன் உள்ளே இருந்த பிளைவுட்டை நான் சந்தேகிக்கவே இல்லை.

ஃபைபர் வேலை செய்யும் அண்ணன் வந்ததும் சுத்தியலின் காம்பால் பலகை முழுவதும் தட்டிப் பார்த்தார். ஓரங்களில் கணீரென்று கேட்ட ஒலி, போல்ட்டுகளைச் சுற்றி மந்தமாக அடங்கியது. அந்த இடத்தில் சிறிய துளை ஒன்று போட்டார். கடுங்காப்பி நிறத்தில் நீர் வடிந்தது, கூடவே ஊறிய தேங்காய் மட்டையின் நாற்றமும் வந்தது. மேலே இன்னொரு அடுக்கு ஒட்டினால் போதாதா என்று நான் கேட்டபோது, அவர் மறுத்துவிட்டார். அந்த மறுப்புக்குத்தான் நான் முதலில் கடமைப்பட்டிருக்கிறேன். நடுக்கடலில் எஞ்சினோடு பின்பலகை பெயர்ந்திருந்தால், படகிலிருக்கும் நான்கு பேரின் கதி என்னவாகியிருக்கும் என்பதை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

உட்புற ஃபைபரைக் கிரைண்டரால் அறுத்து எடுத்தபோது, மரம் ஊறிய அவல்போலக் கையோடு வந்தது. உப்பு தங்கினால் ஈரமும் தங்கும் என்பதால் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, மூன்று நாள் வெயிலில் காயவிட்டோம். தெருப் பிள்ளைகள் இரவில் பனி படாமல் தார்ப்பாய் போர்த்திக் காத்தார்கள். அவர்களுக்கும் என் அன்பு.

ஆசாரி ஐயா பழைய பலகையின் வடிவத்தை அட்டையில் வெட்டி, எஞ்சின் மாட்டும் உயரமும் சாய்வும் ஒரு நூல்கூட மாறாதபடி, 18 மி.மீ. மரைன் பிளைவுட் இரண்டை ஒன்றாக ஒட்டிப் பொருத்தினார். வெட்டிய ஓரங்கள் அனைத்தும், ஃபைபர் வேலைக்கான பிசினான ரெசினைக் குடித்து நிறையும் வரை அவர் பூசிய பொறுமையை மறக்க மாட்டேன். மேட் ஒட்டும் நாளில், ரெசின் இறுகுவதற்காக அதில் கலக்கும் கோபால்ட் பாட்டிலையும் கேட்டலிஸ்ட் பாட்டிலையும் அண்ணன் எதிரெதிர் மூலைகளில் வைத்தார். ரெசினில் கலக்காமல் இரண்டும் நேராகச் சேர்ந்தால் தீப்பற்றி வெடிக்கக்கூடும் என்று, வேலை கற்க வந்த பையன்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மரம் மக்கியதற்கு மூலகாரணம், பூசாமல் விட்ட போல்ட் துளைகள் வழியே இத்தனை ஆண்டுகளாக இறங்கிய நீர்தான் என்பதையும் அவரிடமே கற்றேன். இம்முறை 12 மி.மீ. போல்ட்டுக்கு முதலில் 20 மி.மீ. துளை போட்டு, அதைக் கெட்டியான ரெசினால் அடைத்து, இறுகிய பின் அதன் நடுவில் சரியான அளவுக்குத் துளைத்தோம். இப்போது போல்ட் மரத்தைத் தொடுவதே இல்லை.

ரெசினையும் மேட்டையும் கடனாகத் தந்து, மீன் விற்ற பிறகு கொடுத்தால் போதும் என்ற கடைக்காரருக்கும், வேலை நடந்த பதினோரு நாளும் எங்கள் பங்காட்களைத் தம் படகில் ஏற்றிச் சென்று கூலி குறையாமல் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுச் சித்தப்பாவுக்கும், என் குடும்பத்தின் சார்பில் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

ஆசாரி ஐயா வெட்டிய அட்டை எங்கள் வீட்டுப் பரணில் பத்திரமாக இருக்கிறது. அதே அச்சில் வார்த்த படகு இந்தக் கரையில் இன்னும் சில இருக்கின்றன. தேவைப்படுவோர் எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துச் செல்லலாம்.

நன்றியுடன்,
படகின் உரிமையாளர், ஆறுகாட்டுத்துறை