துப்புரவு என்றால் எத்தனை அடி ஆழம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கைப்படி 2028 ஜூன் 1க்குள் இலங்கை மிதிவெடிகளை அகற்றி முடிக்க வேண்டும். காலக்கெடுவைப் பற்றியே பேசுகிறோம். ஆழத்தைப் பற்றிக் கேட்பவர் குறைவு. முகமாலை போன்ற பழைய போர் முன்னரங்குகளில் மிதிவெடி பெரும்பாலும் மேல்மண்ணில் கிடக்கும். வெடிக்காத எறிகணையோ இளமண்ணில் ஒரு மீட்டருக்கும் கீழே இறங்கியிருக்கலாம். போர்க்காலத்தில் எழுப்பிய மண் அணைகளுக்குள் கையால் வாரித் தேடினால் போதாது. கவசமிட்ட இயந்திரத்தால் வெட்டி எடுத்து, மண்ணைச் சலிக்க வேண்டும். தென்னங்கன்றுக்கே மூன்றடிக் குழி வெட்டுகிறோம், கிணற்றைச் சொல்லவே வேண்டாம். ஆகவே காணியைக் கையளிக்கும் ஆவணத்தில் துப்புரவு செய்த ஆழமும் எல்லைப் புள்ளிகளின் ஜிபிஎஸ் அளவுகளும் இருக்க வேண்டும். ஒரு பிரதி கிராம அலுவலரிடமும் இருக்கட்டும்.

மீட்ட குண்டுகளைக் குவித்து வெடிக்கவைக்கும் இடங்களுக்கு அருகிலுள்ள கிணறுகளையாவது சோதியுங்கள். குண்டுகளிலுள்ள வெடிமருந்துகளில் டிஎன்டி பெரும்பாலும் மண்ணைப் பற்றிக்கொள்ளும். ஆர்டிஎக்ஸ் அப்படியல்ல, மழைநீரோடு நிலத்தடிக்கு இறங்கிவிடும். அமெரிக்காவின் கேப் காட் இராணுவ முகாமில் குடிநீர்ப் படுகைக்கு வந்த இந்த ஆபத்தால்தான் 1997இல் சூட்டுப் பயிற்சியை நிறுத்த உத்தரவிட்டார்கள்.

பளை வாசகர்கள் சிலர்