குனிந்து நடுபவர்களின் இடுப்பு வலி: நல்வாழ்வுத் துறைச் செயலருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலர் அவர்களுக்கு,

வணக்கம். மன்னார்குடி வட்டத்தில் மூன்று மா (ஏறத்தாழ ஒரு ஏக்கர்) நிலத்தில் சாகுபடி செய்துகொண்டு, பிறர் வயல்களுக்கு நடவுக்கும் போகிறவள் நான். வயது 49. ஆறு ஆண்டுகளாக இடுப்பு வலியோடு வாழ்கிறேன்.

நடவு முடிந்து கரையேறும் பெண்களைத் தாங்கள் ஒருநாள் வரப்பில் நின்று பார்க்க வேண்டும். யாரும் உடனே நிமிர்வதில்லை. இரு கைகளையும் முழங்காலில் ஊன்றி, பிறகு ஒரு கையை இடுப்புக்குக் கொடுத்துக் கட்டைவிரலால் அழுத்தியபடி, பாதி வளைந்தே பத்தடி நடந்த பிறகுதான் முதுகு நேராகிறது. நாற்பதைக் கடந்தவர்களுக்கு அந்தப் பத்தடி ஆண்டுக்கு ஆண்டு நீள்கிறது. நடவு இயந்திரம் வந்துவிட்டது உண்மைதான். ஆனால் அது இறங்க முடியாத சேற்றிலும் வயல் மூலைகளிலும் இன்றும் கைநடவுதான், களையெடுப்பும் குனிந்துதான்.

எனக்கு வலி கண்டபோது ஒரு தனியார் மருத்துவமனையில் ஊசி போட்டு, மாத்திரையும் இடுப்புப் பட்டையும் தந்து, ஸ்கேன் படத்தைக் காட்டி, "ஜவ்வு தேய்ந்துவிட்டது, இனிக் குனியவே கூடாது" என்றார்கள். பயந்துபோய் இரண்டு மாதம் படுத்தே கிடந்தேன். வலி குறையவில்லை, கட்டிலின் சட்டத்தைப் பிடிக்காமல் எழ முடியாத நிலைதான் வந்தது. நடுவயதில் வலியே இல்லாத பலரின் ஸ்கேனிலும் இத்தகைய தேய்மானம் தெரியும் என்பதைப் பிறகு ஓர் அரசு மருத்துவமனையின் இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) சொல்லித்தான் அறிந்தேன். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பை மெல்ல உயர்த்தி ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குவதையும், நாள்தோறும் நடப்பதையும், நாற்றுக்கட்டை உடலோடு ஒட்டித் தூக்குவதையும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். வலி முற்றாகப் போய்விடவில்லை என்றாலும் நான் மீண்டும் வயலில் இறங்கினேன்.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட நாள்பட்ட இடுப்பு வலிக்கான வழிகாட்டுதலும் உடற்பயிற்சியையும் நோய் குறித்த விளக்கத்தையும் பரிந்துரைக்கிறது; இடுப்புப் பட்டையை வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. ஆனால் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு எட்டுவது பட்டையும் ஊசியும் வலி மாத்திரையும்தான். அந்த மாத்திரைகளைக் கேட்பாரின்றி மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கேடும் வரக்கூடும் என்பதை நினைக்கையில் எனக்கு அச்சமாக இருக்கிறது.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவம் வீடு தேடி வருகிறது. படுக்கையில் விழுந்தவர்களுக்கு அது பெரும் துணை. விழாமல் இருக்கப் போராடுபவர்களுக்கும் அதை நீட்டிக்க வேண்டுகிறேன். டெல்டாவின் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வாரத்தில் இரண்டு மாலை, வேலை முடிந்து நாங்கள் வரக்கூடிய நேரத்தில், இயன்முறை மருத்துவர் ஒருவர் இருக்கட்டும். பகல் கூலியை இழந்து நகரத்துக்குப் பேருந்து ஏற எங்களில் பலரால் முடியாது. கால் மரத்து வலுவிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லித்தரட்டும்.

ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறந்துவிட்டால் எங்களுக்குக் குறுவை வேலை வந்துவிடும். ஆகவே வேலை குறைந்த சித்திரை, வைகாசியிலேயே இதைத் தொடங்க ஆணையிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நடவு வேலை செய்யும் ஒரு பெண்,
மன்னார்குடி வட்டம்