புரோகிதர் இல்லாத மணமேடை

ஆசிரியர் அவர்களுக்கு,

சுயமரியாதைத் திருமணத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதைச் சட்டப்படி செல்லுபடியாக்க 1967-இல் அண்ணா அரசு கொண்டுவந்த சட்டத் திருத்தத்திலிருந்தே தொடங்குகிறார்கள். ஆனால், சடங்குகள் இன்றி நடந்த அத்தகைய மணம் சட்டப்படி செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரும், பிள்ளைகளின் சொத்துரிமை கேள்விக்குள்ளாகலாம் என்று அறிந்தே அவ்வாறு மணந்துகொண்ட குடும்பங்களின் துணிவுதான் அந்தத் திருத்தத்துக்கு வழிவகுத்தது. 'புரோகிதர் எதற்கு?' என்று வீட்டு முற்றத்தில் எழுந்த கேள்வியே அவர்களில் பலருக்கு முதல் அரசியல் பாடம். கட்சியும் கொடியும் பிறகு வந்தவை. அந்த மரபின் வாரிசுகள் என்று சொல்லிக்கொள்ளும் கட்சிகளிலேயே தலைமையை எதிர்த்துக் கேட்கும் தொண்டர் அரிதாகிவிட்டதும், புரோகிதர் இல்லாத மேடையில் மணமக்கள் தலைவரின் காலில் விழுவதும் (பார்க்கவே சங்கடமாக இருக்கிறது) எனக்கு விளங்காத முரண்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஈரோடு