மாட்டு டொக்டரின் அம்மா எழுதுவது

வெள்ளவத்தை,
ஞாயிறு இரவு

அன்பின் வசந்தி,

முதலில் என்னை ஏசி முடி, பிறகு வாசி. தைப்பொங்கலுக்கு எழுதுகிறேன் என்று சொன்னவள், சித்திரை வருடப்பிறப்பும் போய்விட்டது. நாங்கள் சுகம். இவருக்குச் சீனி கொஞ்சம் கூட, வாய் அதைவிடக் கூட. உன் முழங்கால் எப்படி? பொட்டு ரீச்சரைக் கண்டால் நான் இன்னும் கையெழுத்தைத் திருத்தவில்லை என்று சொல்லு.

வட்ஸ்அப் இருக்கும்போது ஏன் கடதாசி என்று யோசிப்பாய். இந்த இரண்டறை பிளட்டில் நான் வாயைத் திறந்தால் மூத்தவளுக்குக் கேட்கும். விஷயமே அவளைப் பற்றியது. அவளுடைய ரியூசன் கொப்பியில் கிழித்த தாளில்தான் எழுதுகிறேன். பின்பக்கத்தில் தவளையின் குடல் தெரிந்தால் பயப்படாதே.

பெறுபேறு வந்த அன்று போனில் "டொக்டரம்மா" என்று கத்தினாயே, அந்தப் பட்டம் பாதிதான் சரி. கம்பஸ் விண்ணப்பத்தை அவளே இரவிரவாக இருந்து நிரப்பி அனுப்பிவிட்டாள். விடிய மேசையில் பிரதியைக் கண்டேன். முதல் தெரிவு மிருக வைத்தியம், பேராதனை. மருத்துவம் அதற்குக் கீழே. பிள்ளை தூக்கக் கலக்கத்தில் மாற்றிப் போட்டுவிட்டாள் என்று நினைத்து ஓடிப்போய் எழுப்பினேன். "சரியாத்தான் போட்டிருக்கிறன், லைட்டை நிப்பாட்டுங்கோ அம்மா" என்று மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.

மேலே போட்டது கிடைத்தால் கீழே உள்ளதை யார் பார்க்கப்போகிறார்கள்? மருத்துவத்துக்குக் கொழும்பு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி உயரம்தான். உயர்தரச் சோதனையில் இவள் எடுத்த இசட் புள்ளி, கம்பஸுக்குப் பார்க்கிற புள்ளி, அதற்கே காணும் போலிருந்தது. மூன்று தரம் சோதனை எழுதியும் மருத்துவத்தைத் தொட முடியாமல் அழும் பிள்ளைகள் இதே ஒழுங்கையில் இருக்கிறார்கள். நான் இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. சமைத்துப் போட்டேன், கதைக்கவில்லை. இவர் வேறு மாதிரி: இரண்டு நாளும் கதைத்துக்கொண்டே இருந்தார். லண்டன் மச்சாள் மட்டும் சந்தோசப்பட்டா, அங்கே மிருக டொக்டர்மாருக்கு நல்ல காசாம், படித்து முடித்ததும் அனுப்பிவிடட்டாம். "நான் கிளிநொச்சிக்குப் போகத்தான் படிக்கிறன் மாமி" என்றாள் இவள். போன் அதோடு வைபட்டது.

சிரி, நன்றாகச் சிரி. இந்தச் சாணியின் மகள் மாட்டு டொக்டர். அந்த மணத்தைக் கழுவத்தான் நான் கொழும்புக்குக் கலியாணம் செய்து வந்தேன் என்பது உனக்கு மட்டும்தான் தெரியும்.

இது திடீரென்று வந்த விசர் இல்லை என்று இப்போதுதான் விளங்குகிறது. போன வருடம் எங்கள் காவலாளியின் பொடியனை ஒழுங்கை நாய் கடித்தது. தாய் கோப்பித்தூளோடு ஓடி வந்தா, காயத்தில் அப்ப. இவள் அதைத் தட்டிவிட்டு, பொடியனைக் குழாயடிக்கு இழுத்துப்போய், சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். மணிக்கூட்டைப் பார்த்துக் கால் மணித்தியாலம்! பொடியன் அலறுகிறான், இவள் விடவில்லை. பிறகு ஓட்டோவில் ஆஸ்பத்திரி, ஊசி. அதற்குள் மேல்மாடி ஐயா இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பொல்லோடு இறங்கிவிட்டார், நாயை அடிக்க. "அடிச்சுப்போட்டா அதுக்கு விசர்நோய் இருந்ததோ இல்லையோ என்று எப்படிப் பாக்கிறது?" என்று இவள் படியில் மறித்துக்கொண்டு நின்றாள். எனக்கு வெட்கம், அக்கம்பக்கம் எல்லாம் எட்டிப் பார்க்கிறது.

இரண்டு கிழமை அந்த நாய்க்குக் காவல். தண்ணீர் குடித்ததா, தாடை தொங்குகிறதா, நடை தள்ளாடுகிறதா என்று கொப்பியில் குறித்தாள். இரசாயனவியலுக்கு அப்படி ஒரு குறிப்பு எழுதியிருந்தால் நான் தேங்காய் உடைத்திருப்பேன். நாய்க்கு ஒன்றும் இல்லை, இப்போதும் எங்கள் படியில்தான் படுக்கிறது. ஆனால் அவள் அன்று சொன்னது என் காதில் நிற்கிறது: "மனுசருக்குக் குணங்குறி வந்த பிறகு காப்பாத்த ஏலாத வருத்தம் அம்மா. நாயில நிப்பாட்டினாத்தான் உண்டு." நூறு நாயில் எழுபதுக்கு ஊசி போட்டாலே அது பரவ வழியில்லையாம். அடித்துக் கொன்றால் அந்த இடத்துக்கு ஊசி போடாத வேறு நாய் வந்து சேருமாம்.

அப்புறம் மார்கழி விடுமுறை, இவள் ஊரில் அம்மாவோடு நின்றாள். அம்மா உன்னிடம் பாதிதான் சொல்லியிருப்பா. செங்காரி மூன்றாவது கன்று போட்ட மறுநாள் விடிய எழும்பவில்லை. கழுத்தை மடித்து விலாவில் வைத்தபடி படுத்திருந்ததாம், காது ஐஸ் போலச் சில்லென்று. அம்மா நாவூறு என்று மிளகாய் சுற்றிப் போட்டா. பக்கத்து வளவு அண்ணை இறைச்சிக்காரனுக்குச் சொல்லட்டோ என்று கேட்டார். கொட்டுகிற மழையில் ஒரு சின்னப் பெண் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாவாம், அவதான் டொக்டர். சிங்களப் பிள்ளை. அம்மா தன் தமிழில் மாட்டின் சரித்திரத்தை முழுக்கச் சொல்ல, அவ முழிக்க, நடுவில் என் மகள் கொழும்புச் சிங்களத்தோடு நுழைந்திருக்கிறாள். நாங்கள் காசு கட்டிப் படிப்பித்த சிங்களம் கடைசியில் மாட்டுக் கொட்டிலில்தான் பயன்பட்டது.

பால் காய்ச்சலாம். பெயர்தான் காய்ச்சல், உடம்பு சுடாது. கன்று போட்டதும் பால் ஊற ஊற இரத்தத்தில் கல்சியம் இறங்கிவிடுகிறது, தசைக்குப் பலம் இல்லாமல் மாடு விழுந்துவிடுகிறது. கழுத்து நரம்பில் கல்சியம் ஏற்ற வேண்டும், அதுவும் மெல்ல மெல்ல. அவசரப்பட்டால் இதயமே நின்றுவிடும். டொக்டர் மாட்டின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டபடி இருக்க, என் மகள் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் மாடு நடுங்கியதாம், பிறகு ஏப்பம். "பிறகு சாணி போட்டுது அம்மா! டொக்டர் கை தட்டினா! கொஞ்ச நேரத்தில எழும்பி நிண்டுது!" வீட்டுக்கு வந்து சொல்லும்போது அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். என் முகத்தையும்.

அதற்குப் பிறகு சொன்னதுதான் என்னைக் குத்தியது. "அம்மம்மா சொன்னதில பாதியை என்னால மாத்திச் சொல்ல ஏலேல்ல. எனக்கு அந்தச் சொல்லுகள் தெரியாதே. நான் டொக்டராப் போனா அவ நேரா எனக்குச் சொல்லலாம்." தகப்பனுக்கு வேறு நியாயம் வைத்திருக்கிறாள்: 2022 இல் பால்மாவுக்குக் கடை கடையாக அலைந்தது மறந்துவிட்டதா அப்பா, ஊரில் மாடு நோய்வந்து செத்தால் நாங்கள் இங்கே வெறும் தேத்தண்ணிதான் குடிக்கலாம் என்று. அவரிடம் பதில் இல்லை. அதனால் கொஞ்சம் சத்தம் போட்டார்.

படிப்பு ஐந்து வருடம், எல்லாம் இங்கிலீசில். அது ஓடிவிடும். பகல் இரவு என்றில்லாமல் வன்னி ஒழுங்கைகளில் தனியே மோட்டார் சைக்கிள், மாட்டின் உதை, எலிக்காய்ச்சல், பெண் பார்க்க வருகிறவர்கள் சுளிக்கப்போகும் முகம், எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்துவிட்டேன். ஆனால் எடி, பயம் அதுவும் இல்லை. 2008 இல் அம்மா பட்டியின் கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டு இடம்பெயர்ந்தபோது நான் இங்கே மின்விசிறிக்குக் கீழே ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் போனபோது மாட்டில் போட்ட குறியைப் பார்த்து ஒரே ஒரு பசுவைத்தான் கண்டுபிடித்தா. செங்காரி அதன் வழிதான். நான் விட்டுவிட்டு வந்த இடத்துக்கு இவள் போகிறேன் என்கிறாள். அதை எப்படித் தடுப்பது, எந்த வாயால்?

சரி, கேட்க வந்தது இதுதான். கம்பஸ் தொடங்க எவ்வளவு காலம் எடுக்குமோ, இந்த நாட்டில் யார் சொல்வது. அதுவரை ஒரு மாதம் அவளை உங்கள் பக்கம் அனுப்புகிறேன். அந்த டொக்டர்ப் பிள்ளையோடு கதைத்து, கூடத் திரிய விடுவாவோ என்று கேட்டுப் பார். வெள்ளி இரவு பஸ்ஸில் ஏற்றிவிடுவேன், விடிய வந்து இறங்குவாள். வெள்ளைச் சட்டைகளைத்தான் அடுக்கி வைத்திருக்கிறாள், உன் பழைய சட்டை இரண்டு கொடு. அதிகாலையில் எழுப்பினால் முனகுவாள், கணக்கெடுக்காதே.

இன்னொன்று. அவளுக்குப் பால் கறக்கத் தெரியாது. நான் பழக்கவில்லை. அம்மாவுக்கும் இப்போது கை நடுக்கம். உனக்கு நான்தானே பழக்கினேன், நீ அவளுக்குப் பழக்கிவிடு.

அன்புடன்,
சாணி