அப்பாவுக்காக வந்து நின்றவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் நல்லபடியாக முடிந்தது. வீடு வீடாக வந்து சொல்வதுதான் முறை. அம்மாவைத் தனியே விட்டு வர மனசில்லை, அதனால் இந்த மடல்.

கொத்தவால்சாவடியில் மீன்பாடி வண்டி மிதித்தவர் அப்பா. 1996இல் காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனபோது அவரும் போனார். அப்புறம் சொந்தமாகத் தக்காளிக் கடை போட்டார். நடுநிசி தாண்டியதும் சூளையிலிருந்து சைக்கிளில் கிளம்பிவிடுவார். 2020 மே மாதம் கொரோனாவால் சந்தையை மூடித் திருமழிசைக்கு மாற்றினார்களே, அப்போது "இந்த வயசுல அவ்வளவு தூரம் வேண்டாம்பா" என்று கெஞ்சினோம். கேட்கவில்லை. லோடு வண்டியில் தொற்றிக்கொண்டு போய், முழங்கால் வரை சேறோடு திரும்புவார். தங்கையின் கடைசி வருஷக் கல்லூரிக் கட்டணம் அந்தச் சேற்றில் நின்று சம்பாதித்ததுதான்.

வீட்டுக்கு மட்டும் நல்ல தக்காளி வராது. பெட்டியின் அடியில் நசுங்கிக் கிடப்பதுதான் வரும். கேட்டால் "நல்லது வியாபாரத்துக்கு" என்பார். காரியத்தன்று சந்தை நண்பர்கள் காய்கறி கொண்டுவந்து இறக்கினீர்கள். தக்காளிப் பெட்டியை அடிவரை துழாவிய அம்மா, ஒன்றுகூட நசுங்கவில்லையே என்று உடைந்து அழுதுவிட்டார். காசு வாங்க மறுத்த உங்களுக்கு என்ன சொல்வது?

கீழ்வீட்டு நர்ஸ் அக்காவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் கண்புரை அறுவை செய்துகொண்ட நாளிலிருந்தே, "நான் போனா கண்ணைக் கொடுத்துடுங்க" என்று அப்பா சொல்லிவந்தார். அந்த விடியற்காலையில் எங்களுக்கு அது தோன்றவே இல்லை. அக்காதான் ஃபேனை நிறுத்தி, இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்து, தலையணையை உயர்த்தி வைத்தார். ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்று அவரே போன் செய்தார். சர்க்கரை இருந்ததே என்று நாங்கள் தயங்க, அதனால் ஒன்றுமில்லை என்றார். அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்பான் என்று சண்டைக்கு வந்த பெரியப்பாவையும் அவரே உட்கார வைத்துப் பேசினார். முகம் கொஞ்சமும் மாறாமல் எடுத்துச் சென்ற அந்தக் குழுவினருக்கும் நன்றி. பெரியப்பா இப்போது ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்!

வாசலில் வைக்க இடம் கொடுத்த வீட்டுக்காரர், ஷாமியானா போட்ட தம்பிகள், ராத்திரி முழுக்கத் தேநீர் கொடுத்த கடைக்காரர், ஓட்டேரி மயான ஊழியர்கள், எல்லோருக்கும் எங்கள் கும்பிடு.

கடையை, அப்பாவிடம் வேலை பார்த்த தம்பியே தொடர்ந்து நடத்துகிறார். கடைசியாக ஒன்று. அப்பா யாருக்காவது பணம் தர வேண்டியிருந்தால், கூச்சப்படாமல் கடையில் சொல்லுங்கள், தந்துவிடுகிறோம். அவருக்குத் தர வேண்டியவர்கள் பெயரும் நோட்டில் இருக்கிறது. அவசரமில்லை, முடிந்தபோது கொடுங்கள்.

நன்றியுடன்,
அம்மா, தங்கை, நான்
சூளை, சென்னை