கோரை முளைத்த மனை

சித்தப்பாவுக்கு,

என் மனைக்கு வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நேற்று சாயங்காலம், மனையை வாங்க வந்த அந்தப் பையன் வீட்டுக்கே போய், ஒரு லட்சத்தையும் அவன் மனைவி கையில் வைத்துவிட்டு வந்தேன். சித்தி சொல்லி இந்நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூன்று வருஷமாக என் போனை எடுக்காத நீங்கள், நான் கஷ்டத்தில் இருக்கிறேன் என்று கேள்விப்பட்டு ஒரு பார்ட்டியை அனுப்பிவைத்தீர்கள். சதுர அடி 1,900 என்று விலையும் நீங்களே பேசி முடித்திருந்தீர்கள். அதை நான் கெடுத்துவிட்டேன். ஏனென்று போனில் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன். நம் சொந்தக்காரர்கள் படிப்பார்கள், நீங்கள் மனை பிரித்து விற்ற அந்த லே அவுட்டில் மனை வாங்கியவர்களில் சிலரும் படிப்பார்கள். அதனால் ஊர் பெயரை எழுதவில்லை. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் ஒரு ஊர், அவ்வளவு போதும்.

இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் ஓட ஆரம்பித்ததும், 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்ததும் உங்கள் வாழ்க்கையை எப்படிப் புரட்டியது என்பதை உங்களுக்கே நான் சொல்ல வேண்டியதில்லை. டிவிஎஸ் 50இல் டேப்பைச் சுற்றிக்கொண்டு போன நீங்கள் இரண்டே வருஷத்தில் ஆபீஸ் போட்டீர்கள். விவசாயிக்கு நிலத்தின் விலையில் மூன்றில் ஒரு பங்கு கையில், மீதி மனை விற்க விற்க. அவர் சார்பில் நீங்களே விற்க ஒரு பவர் பத்திரம். அந்தப் பத்திரங்களை டைப் அடித்தது நான். ஒரு விவசாயிக்கும் நீங்கள் ஒரு ரூபாய் பாக்கி வைத்ததில்லை. உங்களை ஏசுகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்கு நிலம் பார்க்கக் கற்றுக்கொடுத்ததும் நீங்கள்தான். வில்லங்கச் சான்று முப்பது வருஷத்துக்குப் போடு, தாய்ப்பத்திரத்தைக் கண்ணால் பார், நிலத்தின் சர்வே வரைபடமான புலப்படத்தில் ஓடை வருகிறதா பார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு நிலத்தில் இறங்கு. "கோரை இருக்கிற எடத்துல தண்ணி ஒரு அடிக்குக் கீழ காத்துக்கிட்டு இருக்கும் பாப்பா. அங்க வீட்டு மனை போடவே கூடாது." எனக்கு அப்போது பத்தொன்பது வயது. வேதவாக்காக மனதில் எழுதிக்கொண்டேன்.

2007 மாசியில் ஒரு சனிக்கிழமை. நாலு ஏக்கர், எழுபத்தெட்டு மனை, மறுநாள் வேனில் ஆட்கள் வரப்போகிறார்கள், பிரியாணிக்குச் சொல்லியாகிவிட்டது. வடக்கு ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு மனை அளவுக்குக் கோரை. ஜேசிபி அதை வழித்துத் தள்ளிக்கொண்டே வர, பின்னாலேயே லாரி லாரியாகக் கிராவல் கொட்டினார்கள். நான் சுண்ணாம்புப் பையோடு நின்றேன். நீங்கள் திடீரென்று கையைக் காட்டி வண்டியை நிறுத்தச் சொன்னீர்கள். எனக்கு உயிர் வந்தது. குனிந்து ஒரு கோரையைக் கையாலேயே பிடுங்கினீர்கள். கிழங்கைக் கிள்ளி என் மூக்குக்கு நேராக நீட்டி, "மோந்து பாரு, உங்க பாட்டி இதைத்தான் அரைச்சுத் தேச்சுக் குளிப்பாட்டுவாங்க" என்றீர்கள். அப்படி ஒரு வாசனை. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டிரைவரைப் பார்த்துத் தலையாட்டினீர்கள். வண்டி மறுபடி நகர்ந்தது.

"சித்தப்பா, கோரை" என்றேன். "பட்டா நிலம்தானே பாப்பா" என்றீர்கள். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும். ஆனால் ஒன்று சொல்கிறேன், அந்த வயதுப் பெண் கேட்டு நிறுத்தக்கூடிய வேலையா அது? அந்த லே அவுட்டுக்கு ஊராட்சித் தலைவர் முத்திரை மட்டும்தான் இருந்தது. மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கிற அதிகாரம் அவருக்கு இல்லை என்பது எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். நகர் ஊரமைப்பு இயக்ககமான டிடிசிபிக்குப் போனால் பத்தில் ஒரு பங்கைப் பூங்காவுக்கு விட வேண்டும், ரோட்டையும் அகலமாகப் போட வேண்டும், மனை குறையும். "எல்லாரும் இப்படித்தானே போடறாங்க" என்றீர்கள். உண்மைதான், எல்லோரும் அப்படித்தான் போட்டார்கள்.

மறுநாள் வந்த வாத்தியாரை உங்களுக்கு ஞாபகம் இருக்குமா? பென்ஷன் பணத்தில் வடக்கு ஓரம் இரண்டு மனை எடுத்தவர். பாரத்தில் கையெழுத்துப் போடும்முன் என்னைத்தான் கேட்டார், "நீயா இருந்தா வாங்குவியாம்மா?" என்று. "எனக்கே சித்தப்பா இங்கதான் சார் ஒரு மனை ஒதுக்கியிருக்கார்" என்றேன். சொன்னது பொய்யில்லை. அந்த ஒரு வார்த்தையில்தான் அவர் பேனாவைத் திறந்தார்.

2015 டிசம்பரில் அந்த வரிசையில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மறுவருஷம் செப்டம்பரில், அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடை போட்டது. விற்கவும் வழியில்லை, வீடு கட்டினால் தண்ணீர். என் வீட்டு வாசலில் எட்டுப் பேர் வந்து நின்றார்கள், வாத்தியாரின் மகனும் நின்றான். நீங்கள் எங்கே என்று கேட்டார்கள். சொன்னேன்.

அது புரட்டாசி அமாவாசை. தாத்தாவுக்குப் படைத்துவிட்டு இலை முன்னால் உட்கார்ந்திருந்த உங்களை எழுப்பிப் பேசினார்கள் என்று பாட்டி சொல்லித்தான் தெரியும். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் சித்தப்பா. அந்த நாளை எண்ணிப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். ஒருவேளை சொல்லியும் இருப்பேன். என் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நான் அவர்கள் முன்னால் நின்றபோது, நீங்கள் போனை அணைத்து வைத்திருந்தீர்கள். அதை நீங்கள் ஒருநாளும் பேசியதில்லை.

2017இல், அங்கீகாரமில்லாத மனைகளைக் கட்டணம் வாங்கி முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்ததும் நான் கட்டணத்தைக் கட்டி என் மனைக்கு ஆணை வாங்கினேன். காகிதம் சுத்தம். பரந்தூர் விமான நிலையம் என்று 2022இல் அறிவித்த பிறகு விலையும் ஏறிவிட்டது. இப்போது விற்றால் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது, பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸும் கட்டிவிடலாம். அந்தப் பையன் மனையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "நீங்க ஏன் அக்கா இங்க வீடு கட்டல?" என்று கேட்டான். கிராவல் கரைந்த இடத்தில் கோரை முழங்கால் உயரம் நின்றது. அவன் அதைப் புல் என்று நினைத்து மிதித்துக்கொண்டு நின்றான்.

என் கல்யாணத்துக்கு நீங்கள் கொடுத்த சீர் அந்த மனை. வேறு எந்தச் சித்தப்பாவும் அண்ணன் மகளுக்கு அவ்வளவு செய்ய மாட்டார். ஆனால் எழுபத்தெட்டில் அதே வடக்கு ஓரத்தை ஏன் எனக்கு எழுதினீர்கள்? மிஞ்சியது அதுதானா, இல்லை அங்கே நானும் இருந்தால் வாங்குகிறவர்கள் நம்புவார்கள் என்றா? பத்து வருஷமாகக் கேட்க நினைத்தது இது ஒன்றுதான்.

உங்கள் கமிஷன் போயிற்று என்று தெரியும், அதை நான் கொடுத்துவிடுகிறேன். வாத்தியாரின் மகன் இந்தக் கார்த்திகையில் மழை விட்டதும் அங்கே வருகிறான். வடக்கு ஓரத்தில் மண்ணை ஏற்றி, தண்ணீருக்குக் கால்வாய் எடுக்க முடியுமா என்று எல்லோருமாகச் சேர்ந்து பார்க்கப் போகிறோம். பழைய புலப்பட நகல் உங்களிடம்தான் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு வாருங்கள். ஓடை எந்தப் பக்கம் போயிற்று என்று உங்களைவிடத் தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை.

பாப்பா