பத்தியம் அவருக்கு, அடுப்பு மட்டும் எனக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் வரும் ஆரோக்கியப் பக்கத்தை விடாமல் படிப்பவள் நான். எண்ணெயைக் குறை, சர்க்கரையை விடு, சிறுதானியத்துக்கு மாறு என்று நீங்கள் எழுதுகிற எதிலும் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. ஆனால் இத்தனை வருடமாக எழுதுகிறீர்களே, இதையெல்லாம் யார் சமைப்பது என்று ஒரு வரியாவது போட்டதுண்டா? காலையில் சாமை உப்புமா, பதினொரு மணிக்கு மோர், மதியம் இரண்டு வகைக் காய் என்று அட்டவணை கொடுத்துவிடுகிறீர்கள். அதைக் கத்தரித்து ஃபிரிட்ஜில் ஒட்டுவது என் வீட்டுக்காரர், செய்து வைப்பது நான்.

எங்கள் வீடு காட்பாடியில். சாப்பாட்டு விஷயத்தில் ஆளுக்கொரு கட்சி. வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து சிறுதானியத்தின் மேல் அப்படி ஒரு பக்தி. 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. அறிவித்ததும் அது நேராக எங்கள் வீட்டு விலாசத்துக்கே வந்த உத்தரவு மாதிரி நடந்துகொண்டார். ஜவ்வாது மலைச் சாமை என்று சொல்லிவிட்டால் போதும், சர்க்கரை ஏறாது என்று இன்னொரு கரண்டி போடச் சொல்வார். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியைப் பாருங்கள், அரிசி, கோதுமையோடு சிறுதானியத்தையும் ஒரே கணக்கில் சேர்த்துத்தான், எல்லாமாகச் சேர்ந்து ஒரு நாள் கலோரியில் 45 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்கிறார்கள். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து அரிசியில் இருப்பதைவிடப் பல மடங்கு, நார்ச்சத்தும் அதிகம், சரி, ஆனால் மாவுச்சத்து அப்படி ஒன்றும் குறைந்துவிடவில்லையே. இதை நான் சொன்னால் நீ என்ன டாக்டரா என்பார். நீங்கள் எழுதினால் அதையும் ஃபிரிட்ஜில் ஒட்டுவார். காலையில் பாலாற்றைத் தாண்டி வேலூர்க் கோட்டைக்கு வண்டியில் போய், அங்கே நடந்துவிட்டு, அருகம்புல் ஜூஸும் கூடவே இரண்டு மெதுவடையும் சாப்பிட்டு வருகிற மனிதர் அவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பையன் ஜிம்முக்குப் போகிறான். அவனுக்கு முட்டையில் வெள்ளைக்கரு மட்டும் வேண்டும், மஞ்சள் கரு என் தலையில். புரோட்டீன் பவுடர் டப்பா தனியாக அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. அது வேண்டாம் என்று அதே வழிகாட்டியில் இருக்கிறது, காட்டினேன், படிக்கவில்லை.

அத்தைக்கு இந்தப் பேச்சு எல்லாமே சிரிப்பு. திருப்பத்தூர் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். களி செய்தால், நொய் குழைந்து வெந்ததும் கேழ்வரகு மாவை நடுவில் குவித்துக் கொட்டி, மூடி, அடுப்பைத் தணித்து ஆவியில் விட்டு, அப்புறம் இறக்கிப் பானையைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு துடுப்பால் அழுத்திக் கிண்டுவார், கையில் ஒரு கட்டி தட்டுப்படாது. ஈரக் கையால் உருட்டித் தட்டில் வைத்து, நடுவில் குழி பண்ணிக் கீரைக் கடைசலை ஊற்றிக் கொடுத்தால் என் பெண்கூட, இரவில் சாப்பிடுவதில்லை என்று சபதம் செய்தவள், வந்து உட்கார்ந்துவிடுவாள். "நாங்க இதத் தின்னுட்டு நடவுக்குப் போனோம், உம் புருஷன் இதத் தின்னுட்டு நாற்காலியில உக்கார்றான், ரெண்டும் ஒண்ணாம்மா?" என்று கேட்டார் ஒருநாள். உங்கள் பக்கத்தில் இதுவரை வந்த எந்தக் கட்டுரையைவிடவும் இதில் விஷயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஆனால் அத்தையிடமும் ஒரு பிடிவாதம் உண்டு, கருவாடும் ஊறுகாயும் இல்லாமல் ஒரு வாய் இறங்காது. நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும், அதாவது ஒரு டீஸ்பூன், என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை அவரிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை, பிரஷர் மாத்திரையை மட்டும் நேரத்துக்கு எடுத்துக் கொடுக்கிறேன்.

கொழுந்தனார் ஆம்பூரில் இருக்கிறார். வரும்போதெல்லாம் சீரகச் சம்பா பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்குமாக வாங்கி வருவார், "எப்படியும் போகத்தானே போறோம் அண்ணி" என்பார். டாக்டர் கேட்டால் திட்டுவார். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கும்பலில் எனக்கு வசதியான ஆள் அவர்தான். எனக்கென்று தனியாக ஒன்று செய் என்று கேட்டதே இல்லை.

அவரவர் வயிறு, அவரவர் இஷ்டம், நான் யாரையும் திருத்த வரவில்லை. ஒவ்வொரு கொள்கைக்கும் ஒரு பாத்திரம் ஏறுகிறது, அதுதான் என் சண்டை. 2024ஆம் ஆண்டு மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண்கள் ஒரு நாளில் 289 நிமிடம் செலவிடுவதாக வந்தது. ஆண்கள் 88 நிமிடம். அதுவும் வீட்டு வேலை செய்கிற ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டு சொன்ன சராசரி! ஒரு வீட்டில் மூன்று விதப் பத்தியம் நடந்தால் அந்த 289 எங்கே போய் நிற்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது நான் ஒரு வழி பண்ணியிருக்கிறேன். குழம்பு எல்லோருக்கும் ஒன்றுதான், எண்ணெயும் உப்பும் கொஞ்சம் இறங்கியிருக்கும், காய் மட்டும் முன்பு போட்டதுபோல இரண்டு பங்கு. நேதாஜி மார்க்கெட்டில் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கிடைக்கிற நாளில் கேட்கவே வேண்டாம், 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய காய் அது, குழம்பில் வெண்ணெயாகக் கரையும். சர்க்கரைக்காரர் சோற்றைக் குறைத்துக் காயை அள்ளிக்கொள்ளட்டும், ஜிம்காரன் முழு முட்டையையும் கொண்டைக்கடலைச் சுண்டலையும் தின்னட்டும், அத்தை ஊறுகாயைத் தொட்டுக்கொள்ளட்டும். அதற்கு மேல் வேண்டுமென்றால் அடுப்பு காலியாகத்தான் இருக்கிறது, பற்ற வைக்க லைட்டரும் பக்கத்திலேயே இருக்கிறது.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். ஒரே பானையில் வைத்து, பரிமாறும்போது ஆளுக்குத் தக்கபடி கூட்டிக் குறைக்கிற மாதிரிச் சமையல் குறிப்புகளைப் போடுங்கள். தனிப் பத்தியம்தான் என்றால், அதைச் சாப்பிடுகிறவரே செய்துகொள்கிற மாதிரி, உலை வைப்பதிலிருந்து ஆரம்பித்து எழுதுங்கள். அடுத்த வாரம் சாமைப் பொங்கல் செய்முறை வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். தயவுசெய்து அதை விளையாட்டுப் பக்கத்தில் போடவும், என் வீட்டுக்காரர் முதலில் பிரிப்பது அதைத்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காட்பாடி, வேலூர் மாவட்டம்